தெற்கு பார்த்த விளக்கு

இன்றைக்கு நீலகிரியில் எந்தக் கூரையைப் பார்த்தாலும் கறுப்புக் கண்ணாடி மினுங்குகிறது. ரிசார்ட்டுக்காரர் மாட்டுகிறார், பங்களாக்காரர் மாட்டுகிறார், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் மாட்டியாகிவிட்டது. மாட்ட வருகிறவர்கள் கையில் போன், போனுக்குள் திசைகாட்டி, இடுப்பில் கயிறு, தலையில் மஞ்சள் தொப்பி. நல்லதுதான். ஆனால் இதெல்லாம் ஒரே நாளில் வானத்திலிருந்து விழுந்துவிடவில்லை. கீழ் கோத்தகிரிச் சரிவில், ஓரமட்டம் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளில், மூங்கில் ஏணியைச் சாத்தி, முதல் பேனலை முதுகில் கட்டிக்கொண்டு தகரக் கூரைமேல் ஏறியவர் ஜஸ்டஸ். அவருக்கு முன்னால் அந்தச் சரிவில் ஒருவரும் ஏறவில்லை. ஏறினேன் என்று சொல்கிறவர் இருந்தால் நேரில் வந்து சொல்லட்டும்.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதையும் முழுசாக முடித்தாரா என்பதை எஸ்டேட் பள்ளிக்கூடத்து வாத்தியார் உயிரோடு இருந்தால்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். அப்பா தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் மணி அடிக்கிறவர். பிள்ளைக்கு ஜஸ்டஸ் என்று பெயர் வைத்ததோடு அவர் சேர்த்துவைத்த சொத்து முடிந்தது. மீதி எல்லாம் ஜஸ்டஸ் தன் கையால் சம்பாதித்தது.

ஃபேக்டரியில் அவரை முதலில் விறகு சுமக்கத்தான் சேர்த்தார்கள். தேயிலை காயவைக்கிற டிரையருக்கு அடுப்பு எரிக்கிறவர் அய்யாவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கண்டியிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம்; லைனில் பெரும்பாலோர் அப்படித்தான். வயதில் மூத்தவர், பேச்சுக் குறைவு. ஜஸ்டஸ் விறகைக் கொண்டுவந்து போடுவார், அய்யாவு அதை உள்ளே தள்ளுவார், இரண்டு பேரும் ஒரே பீடியைப் பிடிப்பார்கள். அப்படி ஆரம்பித்த பழக்கம்.

விறகு சுமந்த கை எப்படி வயர் பிடித்தது என்று கேட்பார்கள். காது இருந்தது, பிடித்தது. பச்சை இலையை வாடவைக்கிற மச்சில் ஓடுகிற காற்றாடி மோட்டார் சத்தம் மாறினால், ஸ்க்ரூடிரைவர் முனையை மோட்டார்மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டி நிற்பார் ஜஸ்டஸ். "பேரிங் போச்சுங்க" என்பார். திறந்து பார்த்தால் போயிருக்கும். இப்படி நாலு முறை நடந்த பிறகு எஸ்டேட் மேனேஜர் பெரிய துரையே விறகுக் கட்டை இறக்கிவைக்கச் சொல்லிவிட்டு டெஸ்டரைக் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் ஓரமட்டம் எஸ்டேட் வயர்மேன். இலை உருட்டுகிற ரோலர் நின்றாலும் ஜஸ்டஸ், துரை பங்களாவில் ஹீட்டர் நின்றாலும் ஜஸ்டஸ். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற எஸ்டேட் கிரச்சில் ஆயா வேலை பார்த்த ஜெஸிந்தாவைக் கட்டிக்கொண்டதும் அங்கே ஃபியூஸ் போடப் போன இடத்தில்தான்.

பிறகு தேயிலை விழுந்தது.

முதலில் பச்சை இலைக்கு விலை இறங்கியது. அது எப்போதும் இறங்கும், ஏறும் என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த முறை இறங்கினது ஏறவில்லை. சம்பளம் தள்ளிப் போயிற்று. போனஸ் பேச்சே நின்றது. துரை லீவில் ஊருக்குப் போனார், போனவர் போனவர்தான். ஒரு காலையில் ஃபேக்டரியில் சங்கு ஊதவில்லை. லைனில் எல்லோரும் வாசலுக்கு வந்து, ஊதும் என்று நின்றார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனார்கள். அழுதவர் யாரும் இல்லை.

மின்சாரக் கட்டணம் கட்டாமல் கிடந்ததால் ஃபேக்டரிக்கு இணைப்பை வெட்டிவிட்டார்கள். லைன் வீடுகளுக்கு வெளிச்சம் ஃபேக்டரி வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அதோடு அதுவும் போயிற்று. ரேஷன் மண்ணெண்ணெய் பாதி மாதம் வராது. திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் போனார்கள். இருந்த பெண்கள், கேட்பாரில்லாமல் கிடந்த தோட்டத்தில் இலை கிள்ளி, வெளி ஃபேக்டரி லாரிக்குப் போட்டு வயிற்றைக் கழுவினார்கள்.

கவாத்து இல்லாத தேயிலை சும்மா இருக்குமா? ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தது. காடு லைன் வாசல்வரைக்கும் இறங்கி வந்துவிட்டது. காட்டுமாடு வந்தது. பலாப்பழத்துக்குக் கரடி வந்தது. கழிப்பறை லைனுக்கு வெளியே. இருட்டில் அங்கே போன ஒரு பெண்ணைக் கரடி முகத்தில் பிறாண்டிவிட்டது. அவள் பிழைத்தாள், ஆனால் அதற்குப் பிறகு பொழுது சாய்ந்தால் லைனில் ஒரு கதவும் திறக்காது. கோத்தகிரிப் பக்கத்திலேயே பெரிய லைன் அது. பொழுது சாய்ந்ததும் ஆள் இல்லாத இடம்போலக் கிடக்கும்.

ஜஸ்டஸுக்கு இரண்டு வழி இருந்தது. ஜெஸிந்தாவின் தம்பி திருப்பூரில் வாட்ச்மேன் வேலை பார்த்துவைத்திருந்தான். மோட்டாரின் மூச்சைக் காதால் அளந்தவர் கேட்டில் உட்கார்ந்து சல்யூட் அடிப்பதா? மாட்டேன் என்றார். கோத்தகிரி பஜாருக்குப் போய் எலக்ட்ரிகல் கடை குமாரசாமியின் முன்னால் நின்றார்.

குமாரசாமி அன்னூர்க்காரர், பிழைக்க மலையேறி வந்து கடை வைத்தவர். யாரோ பெங்களூர்க் கம்பெனிக்காரர் பேச்சைக் கேட்டு சோலார் பேனல் எடுத்துப்போட்டு, ஒன்றுகூட விற்காமல் கடை மாடியில் அடுக்கிவைத்திருந்தார். இந்த மேகத்தில் சூரியனுக்கே வெளிச்சம் இல்லை, இதில் விளக்கா என்று பஜாரே சிரித்தது.

"எனக்குக் குடுங்க. எங்க லைன்ல மாட்டிக் காட்டறேன்" என்றார் ஜஸ்டஸ்.

"ஏனுங்க, லைன்ல இருக்கறவிய சோத்துக்கே சிங்கி அடிக்கறாங்க. அவுங்க எப்படிங்க வாங்குவாங்க?"

"அவுங்க வாங்க வேண்டாம். அவுங்க ஊட்டுல எரியறதப் பாத்துட்டு வாங்கறவங்க வாங்குவாங்க. மேகத்துலயும் மழையிலயும் ஓரமட்டத்துல எரியுதுன்னா, ஊட்டியில எரியாதுங்களா, கிளென்மார்கன்ல எரியாதுங்களா?"

குமாரசாமி மாடிச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "சரிங்க. ஒரு டஜன் எடுத்துட்டுப் போங்க. ஐப்பசி கார்த்திகை தாண்டி எரிஞ்சுதுன்னா, மலை முழுக்க மாட்டற வேலை உங்களுதுதான். வேற ஆளத் தேட மாட்டேன். எரியலைன்னா கழட்டி வண்டியில ஏத்திக் கோயமுத்தூர்ல வந்த வெலைக்குத் தள்ளிருவேன். அப்பறம் சோலார்னு என் கடைப் படி ஏறாதீங்க."

இப்படித்தான் பேச்சு முடிந்தது. அந்த ஒரு டஜன் பேனல் எரிந்தால் ஜஸ்டஸுக்குத் தொழில், லைனுக்கு வெளிச்சம். எரியாவிட்டால் திருப்பூர் கேட்.

கம்பெனி ஆள் ஒருவர் வந்து, தெற்கே சாய்த்து மாட்ட வேண்டும், ஐப்பசி மழைக்காலமும் பனிக்காலமும் முழுக்கச் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும் என்று காட்டிவிட்டுப் போனார். ஒரு தடவை காட்டியது போதும். முதல் பேனலை ஜஸ்டஸ் வேறு யார் வீட்டில் மாட்டுவார்? அய்யாவு வீட்டில் மாட்டினார். உள்ளே ஒரு குழல் பல்பு, வாசலில் ஒன்று. பிறகு பரமசிவன் வீடு. பரமசிவன் சங்கத்து ஆள், லைனில் அவர் சொல் நடக்கும். அவரும் கண்டிக்காரர். அப்புறம் வரிசையாக இன்னும் பத்து வீடுகள். தன் வீட்டுக்கு ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை.

வெறுமனே மாட்டிவிட்டு இறங்கியிருந்தால் கதையே இல்லை. ஜஸ்டஸ் எதையும் ஊரைக் கூட்டித்தான் செய்வார். கூரைக்கு ஏற்றுவதற்கு முன்னால் எல்லாப் பேனலையும் காலையில் பேர் கூப்பிடுகிற மஸ்டர் திட்டில் வரிசையாக வைத்தார். "இதுதான் சூரிய விளக்கு" என்று பெயர் சொன்னார். ஊர்ப் பெண்களையெல்லாம் கூப்பிட்டு, பொட்டு வைத்து ஏற்றிக்கொடுங்கள் என்றார். பெண்கள் கண்ணாடிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சாமந்திப் பூ வைத்து, கையெடுத்துக் கும்பிட்டுத்தான் தூக்கிக் கொடுத்தார்கள். கரடி பிறாண்டிய பெண் முதல் சுவிட்சைப் போட்டாள். அன்றைக்கு லைன் வாசல்களில் உட்கார்ந்து ஜனங்கள் சாப்பிட்டதைப் பார்த்து ஜஸ்டஸுக்கு மார்பு விரிந்தது. தன் ஆயுளில் எந்தத் துரையும் இதைச் செய்ததில்லை என்று ஜெஸிந்தாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"உங்க வாயி இருக்குதே," என்றாள் ஜெஸிந்தா, "அது மேல ஒரு பேனல் வெச்சா கோத்தகிரிக்கே கரண்டு குடுக்கலாம்."

அய்யாவுக்கு நெஞ்சில் வெகு நாளாகச் சளி. அடுப்புப் புகை முன்னால் ஒரு ஆயுள் நின்ற நெஞ்சு. பேனல் மாட்டிய அந்த வாரக் கடைசியில், இருமல் நின்று, மூச்சும் நின்றது. ஜஸ்டஸ்தான் மற்றவர்களோடு தோள் கொடுத்தார். குழிக்கரையில் நின்று பிடி மண் போட்டார்.

துக்கத்துக்கு வந்தவர்களில் யார் முதலில் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள் என்று தெரியாது. பார்த்தார்கள். விளக்கு தெற்கே பார்த்து இருந்தது.

தெற்கே பார்த்து யாராவது விளக்கு வைப்பார்களா? சாவு விழுந்த வீட்டில்தான் அப்படி வைப்பது. தெற்கு எமனுடைய திசை. வாழ்கிற வீட்டுக்கு மேலே, ஊரே பார்க்க, பொட்டு வைத்துப் பூ வைத்து, எமனைப் பார்த்து ஒரு விளக்கை ஏற்றிவிட்டார்களே என்று பேச்சு எழுந்தது. முதலில் ஏற்றிய வீட்டில் முதலில் வந்துவிட்டான். அடுத்து எந்த வீடு?

மறுநாள் விடிந்ததும் ஜஸ்டஸ் வெளியே வந்து பார்த்தார். அய்யாவு வீட்டைத் தவிர எல்லாக் கூரையிலும் பேனல் வடக்கே திரும்பியிருந்தது. விளக்கு கிழக்கே பார்க்கலாம், வடக்கே பார்க்கலாம்; நேர் கிழக்கே சில்வர் ஓக் மரங்கள் மறைத்ததால் வடக்கு. பரமசிவன்தான் ஏறி, பேனலைக் குழாயில் பிடித்திருந்த கிளாம்பைத் தளர்த்திச் சுற்றிவிட்டார் என்று தெரிந்தது. ஜஸ்டஸ் நேரே அவரிடம் போனார்.

"பரமசிவண்ணே, அது வெயில் வாங்கற கண்ணாடி. தெக்க பாத்தாதான் வெயில் விழும். வடக்க திருப்புனா பேட்டரிக்கு ஒண்ணும் ஏறாது."

"வெளக்குன்னு சொன்னது யாரு?"

"நாந்தான் சொன்னேன்."

"பொட்டு வெச்சுக் குடுக்கச் சொன்னது யாரு?"

"அதுவும் நாந்தான்."

"நீ வேதக்காரன், தம்பி. உங்க கோயில்ல மெழுகுவத்தி எந்தப் பக்கம் வேணாலும் பாக்கும். எங்களுக்கு அப்படி இல்ல. லயத்து வீட்டுல இன்னொரு பொணம் விழுந்துச்சுன்னா நீயா பதில் சொல்லுவே?"

ஜஸ்டஸ் ஏணியை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு பேனலாகத் தெற்கே திருப்பினார். விடிந்தால் வடக்கே இருந்தது. மறுபடி திருப்பினார். மறுபடியும் வடக்கு. கிளாம்பைக் குழாயோடு வைத்து வெல்டிங் அடித்துவிடுகிறேன், அப்புறம் எவன் திருப்புகிறான் பார்க்கிறேன் என்று வீட்டில் வந்து கத்தினார்.

"வெல்டிங் அடிச்சா குழாயோட புடுங்கிப் பள்ளத்துல வீசுவாங்க" என்றாள் ஜெஸிந்தா. "பேரு வெச்சது நீங்க. அவுங்க அந்தப் பேருக்கு என்ன மரியாதையோ அதச் செய்யறாங்க. நீங்க பேனல்னு சொல்லியிருந்தா ஒருத்தரும் தொட்டிருக்க மாட்டாங்க."

ஐப்பசி மேகம் இறங்கியது. மலையில் அந்த மாதத்தில் ஒரு நாளைக்குக் காலையில் கொஞ்சம் வெயில் கிடைத்தால் பெரிசு. அதுவும் தெற்கே சாய்ந்த வெயில். வடக்கே பார்த்த கண்ணாடியில் மேகத்தின் நிழல்தான் விழுந்தது. ஒவ்வொரு வீடாக விளக்கு மங்கிச் சிவந்து அணைந்தது. கதவுகள் மறுபடி சாத்திக்கொண்டன.

குமாரசாமி ஜீப்பில் வந்து இறங்கி, இடுப்பில் கை வைத்து, கூரைகளைப் பார்த்தார்.

"ஏனுங்க ஜஸ்டஸு, உங்க ஊர்ல சூரியன் வடக்கால உதிக்குதுங்களா?"

ஜஸ்டஸ் நடந்ததைச் சொன்னார். குமாரசாமி சிரிக்கவில்லை. அவர் வீட்டிலும் விளக்கு கிழக்கே பார்த்துத்தான் இருக்கும். தெற்கே பார்த்து வைக்க அவர் மனைவி விடுவாளா?

"சங்கடந்தானுங்க" என்றார். "ஆனா நான் கடைக்காரன். கார்த்திகை கடைசியில வண்டியோட வர்றேன். எரியறத விட்டுட்டுப் போறேன், எரியாதத ஏத்திட்டுப் போறேன். அதுக்கு மேல பேச்சு வேண்டாமுங்க."

ஜஸ்டஸ் பேனலைத் திருப்பப் போவதை அன்றோடு விட்டுவிட்டார். ஊரோடு மல்லுக்கு நின்று ஜெயிக்கிற ஆள் அவர். ஆனால் இது ஊர் அல்ல, ஊரின் பயம். அதோடு எப்படி மல்லுக்கு நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் செய்துவிட நினைத்தார். இன்னமும் தெற்கே பார்த்துக்கொண்டிருந்த ஒரே பேனல் அய்யாவு வீட்டில் இருந்தது. அதை எடுத்துவிட வேண்டும். செத்தவர் வீட்டுக்குக் கெட்ட பேர் தன்னால் வேண்டாம். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார்.

அய்யாவுவின் மனைவி பேச்சி வாசலில் உட்கார்ந்து, கிள்ளி வந்த இலையில் முத்தலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முத்தல் கலந்திருந்தால் லாரிக்காரன் எடுக்க மாட்டான். மாலை நேரம்தான், ஆனால் மேகத்தில் இருட்டியிருந்தது. வாசல் விளக்கு பளிச்சென்று எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அவள் விரல் இலைகளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, பேனலக் கழட்டிரட்டுங்களா?"

"எதுக்கு?"

"ஊரு பேசுதுங்களே."

"பேசட்டும்." அவள் தலை நிமிரவில்லை. "ஏன் தம்பி, அவரு எந்தப் பக்கம் போயிருக்காரு?"

ஜஸ்டஸ் தன் வேதத்துக்குத் தெரிந்ததைச் சொன்னார். "மேலதானுங்க அக்கா போயிருக்காரு."

"மேல போறது உங்க ஆளுக. எங்க ஆளுக தெக்க போறவங்க."

பேச்சி ஒரு முத்தல் இலையைப் பொறுக்கி ஓரமாகப் போட்டாள்.

"எங்க அய்யா, ஆத்தா, எனக்கு மொதல்ல பொறந்த பிள்ள, எல்லாம் கண்டியில தேயிலைக்கு அடியில கெடக்காங்க. அதுவும் தெக்கதான? கப்பலேத்தி அனுப்புறப்ப, பொதைச்ச எடத்துல ஒரு வெளக்கு வச்சிட்டு வாறோம்னு கேட்டோம். நேரமில்லன்னுட்டான் தொர. இத்தன வருசமா அவங்களுக்கு ஒரு வெளக்கு வச்சது கிடையாது, தம்பி. இப்ப இவரும் அங்க போய்ச் சேந்துட்டாரு. நான் வைக்க மறந்தத நீ வந்து வச்சுக் குடுத்திருக்கே. அத எதுக்குக் கழட்டுறே? பாத்துக்கிட்டே இருக்கட்டும்."

ஜஸ்டஸ் ஸ்பேனரை மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். ஜெஸிந்தா கேட்டாள். சொன்னார். பெருமை பேசுகிற மனுஷன் அதைச் சொல்லும்போது மட்டும் குரலை இறக்கித்தான் சொன்னார். மறுநாள் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போனவள், தண்ணீர் பிடிக்கிற பெண்களிடம் பேச்சி சொன்னதைச் சொன்னாள். வாதத்துக்காக அவள் சொல்லவில்லை. மனதில் வைத்துக்கொள்ள முடியாமல் சொன்னாள்.

பைப்படியில் குடம் நிரம்பி வழிவதைக்கூட ஒருத்தி கவனிக்கவில்லையாம்.

அன்று மாலை ஒரு பெண் இலைக் கூடையோடு பேச்சி வாசலுக்கு வந்தாள். "உன் வெளிச்சத்துல கொஞ்சம் பொறுக்கிக்கறேன்" என்றாள். பேச்சி நகர்ந்து இடம் விட்டாள். மறுநாள் இன்னும் இருவர். எமன் விளக்கு என்று எதைப் பேசினார்களோ அதன் கீழேதான் உட்கார்ந்தார்கள். வேறெங்கே உட்கார்வது? லைனில் வேறு வெளிச்சம் கிடையாது. உட்கார்ந்தவர்கள் முதலில் லாரிக்காரனைத் திட்டினார்கள். பிறகு கண்டியைப் பற்றிப் பேசினார்கள். கப்பல், ஏறின தலைமன்னார், இறங்கித் தங்கின மண்டபம் முகாம். ஒருத்தியின் தங்கை அங்கேயே காய்ச்சலில் போய்விட்டாள். ஒருத்தியின் அப்பா நான் வரவில்லை என்று அங்கேயே இருந்து செத்தார், செய்தி மட்டும் வெகு நாள் கழித்து வந்தது. ஜஸ்டஸ் வீட்டைத் தவிர, தெற்கே ஆள் இல்லாதவர் அந்த லைனில் ஒருவரும் இல்லை.

பரமசிவன் அந்தப் பக்கம் வரவில்லை. ஆனால் தன் வாசலில், இருட்டில், பீடியோடு நின்று அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பது தெரியும். பீடி முனை சிவந்து சிவந்து அணையும்.

கார்த்திகைக் கடைசியில் குமாரசாமி சொன்னபடி வந்தார். ஜீப்புக்குப் பின்னால் ஒரு மினி லாரி. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜஸ்டஸும் ஜெஸிந்தாவும் கோயிலிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார்கள். மேகம் விலகி, காலை வெயில் லேசாகத் தெரிந்தது. லாரியைப் பார்த்ததும் ஜஸ்டஸ் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தே நடந்தார். தோற்கிறதானாலும் குனிந்து தோற்கிற ஆள் இல்லை.

"ஒண்ணுதான் எரியுதுன்னு கேள்விப்பட்டனுங்க" என்றார் குமாரசாமி. அவருக்கும் மனசில்லை என்பது குரலில் தெரிந்தது.

"ஆமாங்க. அத விட்டுட்டு மத்ததக் கழட்டிக்கங்க. நானே ஏறிக் கழட்டித் தர்றேன். உங்க ஆளுக கண்ணாடிய ஒடச்சிருவாங்க."

ஏணியைக் கொண்டுவரச் சொல்லி, முதலில் பரமசிவன் வீட்டுக்குப் போனார். அங்கே ஏணி தேவைப்படவில்லை. பரமசிவன் ஏற்கனவே தன் கூரைமேல் இருந்தார். கையில் ஸ்பேனர். கிளாம்பைத் தளர்த்தி, பேனலை வடக்கிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியில் மாட்டிய அன்றைக்கு வைத்த குங்குமத்தின் கறை மழையில் பாதி அழிந்து இருந்தது.

ஜஸ்டஸை மேலிருந்து பார்த்தார்.

"ஏ தம்பி. கண்டி எந்தப் பக்கம்?"

ஜஸ்டஸ் சுவரோரம் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"உனக்குத்தான் எல்லாந் தெரியுமே. எங்கம்மாவ அங்க வச்சிட்டு வந்தேன். நாவலப்பிட்டிக்குப் பக்கத்துல. தெக்கயா, இல்ல கொஞ்சம் கெழக்கயா? சரியாக் காட்டு. கோணலாப் போயிரக் கூடாது."

லைன் முழுக்க வாசலுக்கு வந்திருந்தது. பேச்சியும் வந்து நின்றாள். ஜஸ்டஸ் வலது கையை நீட்டினார். கோத்தகிரிப் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், மேட்டுப்பாளையத்துச் சமவெளிக்கும் அந்தப் பக்கம், கடலுக்கும் அந்தப் பக்கம்.

"தெக்கதாண்ணே. கொஞ்சம் கெழக்க சாஞ்சாப்ல. இன்னும் கொஞ்சம். இன்னும்... அங்கதான். அப்படியே வெய்யுங்க."

சரியான தெற்குதான் பேனலுக்கு நல்லது என்று கம்பெனி ஆள் சொல்லியிருந்தார். ஆனால் மதியத்துக்கு மேல் மேகம் ஏறிவிடுகிற மலையில் காலை வெயில்தான் வெயில். அப்படிக் கிழக்கே சாய்ந்ததால் ஒன்றும் கெடவில்லை, உண்மையில் நன்றாகவே எரிந்தது. பின்னாளில் பர்லியார் வரைக்கும், கிளென்மார்கன் வரைக்கும் ஜஸ்டஸ் மாட்டிய பேனல் எல்லாம் அந்தச் சாய்வில்தான் நிற்கின்றன. ஏன் இப்படி என்று கேட்கிற இன்ஜினியர்களிடம் மேகத்தை மட்டும்தான் காரணமாகச் சொல்வார். மற்றது அவர்களுக்கு எதற்கு?

பரமசிவன் கிளாம்பை இறுக்கினார். பக்கத்துக் கூரையில் இன்னொருவர் ஏறினார். அதற்கும் அடுத்த கூரையில் ஒரு பெண் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே ஏறினாள். "என் தங்கச்சி பதுளைப் பக்கம், அண்ணே. இன்னும் கெழக்க வருமா?" என்று கேட்டாள். ஜஸ்டஸ் ஒவ்வொரு வாசலாகப் போய்க் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். ஒருவரும் அழவில்லை, கூடிக் கும்பிடவும் இல்லை. ஸ்பேனர் இரும்பில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

குமாரசாமி லாரி டிரைவரின் பக்கம் திரும்பி, "வண்டியத் திருப்பிக்கய்யா" என்றார்.

லாரி வளைவில் இறங்கிப் போன பிறகும் பரமசிவன் கூரையைவிட்டு இறங்கவில்லை. மாட்டி முடித்த பேனலுக்குப் பக்கத்தில், ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு, அது பார்க்கிற பக்கமே பார்த்து உட்கார்ந்திருந்தார். ஜஸ்டஸ் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் இறங்குகிறபோது இறங்கட்டும் என்று கூப்பிடாமல் நின்றார்.